யுஸ்ஸி பியோர்லிங் நினைவாக ஒரு கேட்பு மாலை: எந்தப் பதிவுகளைத் தேர்ந்தெடுக்கலாம்?

கேள்வி: இசைநாடி

வணக்கம். ஸ்வீடன் நாட்டு டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடகர் யுஸ்ஸி பியோர்லிங் பிறந்தது பிப்ரவரி மாதத்தில். அதையொட்டி, அவருடைய ஒலிப்பதிவுகளை மட்டும் வைத்து ஒரு மாலை நிகழ்ச்சி நடத்த எங்கள் சிறிய இசைக் குழு விரும்புகிறது. 1911-இல் பிறந்து, ஐம்பது வயதை எட்டுவதற்கு முன்பே 1960-இல் மறைந்துவிட்ட ஒருவரைக் கொண்டாட இன்று நமக்கு இருக்கும் வழி அவர் விட்டுச்சென்ற பதிவுகள்தாம். அவை ஏராளமாக இருப்பதால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய இயலாமல் உங்களிடம் கேட்கிறேன்.

எங்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஆப்பரா என்னும் மேலை இசை நாடகம் புதிது. ஒரு முழு ஆப்பராவின் பெரும்பகுதியைக் கேட்க வைப்பதா, அதில் ஒருவர் தனித்துப் பாடும் ஆர்யாக்களைத் தொகுப்பதா என்பது என் முதல் ஐயம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளின் இரைச்சல் புதியவர்களை விலக்கிவிடுமோ என்பது இரண்டாவது. இவற்றைவிட எனக்கு முக்கியமான மூன்றாவது ஐயம் ஒன்று உண்டு. பியோர்லிங்கின் குரல் அழகானது, ஆனால் அதில் உணர்ச்சி குறைவு என்ற கருத்தைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். எனக்கு அப்படி ஒருபோதும் தோன்றியதில்லை. ஆனாலும், முதன்முறையாகக் கேட்பவர்கள் அந்த எண்ணத்தோடு எழுந்து போகாதபடி தேர்வு அமைய வேண்டும் என்று விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழையதட்டு

நல்ல முயற்சி. முழு ஆப்பராவும் வேண்டாம், புகழ்பெற்ற ஆர்யாக்களை வரிசையாக அடுக்குவதும் வேண்டாம் என்பது என் கருத்து. பியோர்லிங்கிடம் வேறு பாடகர் பலரிடம் காண முடியாத ஒரு வாய்ப்பு நமக்குக் கிடைக்கிறது. ஒன்பது வயதுச் சிறுவனாக ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்றதிலிருந்து, இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் பாடியது வரை, நாற்பது ஆண்டுகளின் குரல் நம் கையில் இருக்கிறது. ஒரே பாடலை அவர் வெவ்வேறு வயதில் பாடிய பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்க வைத்தால், அந்தக் குரல் எப்படி வளர்ந்தது என்பதை, ஆப்பராவை அறியாதவர்களும் விளக்கம் இல்லாமலேயே உணர்ந்துகொள்வார்கள்.

தொடக்கத்தில் ஓரிரு நிமிடங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் கொலம்பியா இசைத்தட்டு ஒன்றை வையுங்கள். தந்தை டேவிட் பியோர்லிங் தாமே ஒரு டெனர்; நியூயார்க்கில் பயின்றவர்; பாடும் முறை பற்றி ஒரு கையேடும் எழுதியவர். ஓலே, யுஸ்ஸி, யோஸ்டா ஆகிய மூன்று மகன்களையும் அழைத்துக்கொண்டு 1919-இல் அமெரிக்காவில் வாழ்ந்த ஸ்வீடன் மக்களிடையே பாடச் சென்றார். அந்தப் பயணத்தில் பதிவானவைதான் சிறுவர்களின் அந்தப் பாடல்கள். பிற்காலத்தில் உலகம் வியந்த மூச்சுக் கட்டுப்பாட்டுக்கு அடித்தளம் அந்த வீட்டில்தான் இடப்பட்டது என்பதால், இசையாக அவை பெரிதாகத் தோன்றாவிட்டாலும் கேட்க வேண்டியவை.

பின்னர் ஸ்டாக்ஹோம். ஜான் ஃபோர்செல்லிடம் பயின்று, 1930-இல் தம் பத்தொன்பதாவது வயதில் அரச ஆப்பராவில் மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’யில் டான் ஒட்டாவியோவாகப் பாடினார். அதே ஆண்டுகளில் ‘எரிக் ஓடே’ என்ற புனைபெயரில் மெல்லிசைப் பாடல்களையும் பதிவு செய்தார்; அவற்றைத் தவிர்த்துவிடலாம். நில்ஸ் கிரெவில்லியுஸ் இசைக்குழுவை நடத்த, 1936-இல் பதிவான, புச்சினியின் ‘லா போஎம்’ ஆப்பராவில் வரும் ‘கே ஜெலிதா மனீனா’ ஆர்யாவைத் தவிர்க்கவே கூடாது. 25 வயது இளைஞரின் குரல் அது. மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது பெரும்பாலான டெனர்கள் குரலை ஆயத்தப்படுத்துவது காதில் கேட்கும். இங்கே அது கேட்பதே இல்லை.

நிகழ்ச்சியின் நடுப்பகுதிக்கு நான் பரிந்துரைப்பது இறந்தோருக்கான வேண்டுதல் இசையான வெர்தியின் ‘ரெக்வியெம்’மில் டெனர் பாடும் ‘இன்ஜெமிஸ்கோ’. இறுதித் தீர்ப்பு நாளில் தன் குற்றத்தை எண்ணி வெட்கி முனகும் ஒருவன், திருடனின் மன்றாட்டைக் கேட்டவர் தனக்கும் நம்பிக்கை தந்திருக்கிறார் என்று சொல்லி, வலப்பக்கத்தில் இடம் கேட்டு வேண்டுவது இதன் பொருள். இதை மூன்று காலங்களில் கேட்கலாம். முதலாவது 1938-இல் கிரெவில்லியுஸுடன் ஸ்டாக்ஹோமில் பதிவான தனித்தட்டு. இரண்டாவது 1940 நவம்பர் 23 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் தோஸ்கனினி நடத்திய நேரடி நிகழ்ச்சி. மூன்றாவது 1960-இல் வியன்னாவில் ஃபிரிட்ஸ் ரைனர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை நடத்த, லியோன்டைன் பிரைஸ், ரோசலிண்ட் இலியாஸ், ஜார்ஜோ டோட்ஸி ஆகியோருடன் பாடிய முழுப் பதிவு.

முதல் பதிவில் இறுதி உச்சத்தை அவர் எட்டும்போது, வேண்டுகிறவனுக்கு மன்னிப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது போன்ற ஒளி இருக்கிறது. தோஸ்கனினியின் மேடையில் அதே குரல் கூடுதலான இறுக்கத்தோடும் அவசரமான தேவையோடும் ஒலிக்கிறது. வியன்னாவில் ரைனர் எடுத்துக்கொண்ட மெதுவான காலப்பிரமாணத்தில், ஒவ்வொரு சொல்லையும் மூச்சின் மேல் தாங்கிக்கொண்டு செல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு மார்ச் 15 அன்று லண்டன் கோவன்ட் கார்டனில் ‘லா போஎம்’ தொடங்கும் முன் பியோர்லிங்குக்கு மாரடைப்பு வந்தது. அரசியின் தாயார் அரங்கில் இருந்த அந்த இரவில், உடல்நிலையைப் பொருட்படுத்தாமல் அவர் பாடி முடித்தார். இதை அறிந்து கேட்டாலும் அறியாமல் கேட்டாலும், 1960-இன் ‘இன்ஜெமிஸ்கோ’வில் குரலின் நிறம் கருத்திருப்பதும், பணிவு கூடியிருப்பதும் தெளிவாகக் கேட்கும். அவருக்கு உணர்ச்சி குறைவு என்பவர்களுக்கு நான் இந்தப் பதிவையே பதிலாக வைப்பேன்.

பதில்: மூன்றாம்மணி

பழையதட்டு அவர்களின் திட்டம் நுட்பமானது. ஆனால் ஆப்பராவை அறியாதவர்களுக்கு அது போதாது என்று அஞ்சுகிறேன். ஆப்பரா என்பது மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பாடி வாழும் நாடகம். ஒரு பாடகரின் தனி ஆர்யாக்களை மட்டும் கேட்டால் குரலை அறிவோம். அந்தக் குரல் இன்னொரு குரலுக்கு எப்படிச் செவிசாய்க்கிறது என்பதை அறிய மாட்டோம்.

ஆகவே சர் தாமஸ் பீச்சம் நடத்தி 1956-இல் நியூயார்க்கில் பதிவான ‘லா போஎம்’மின் முதல் அங்கத்தில், மிமி கதவைத் தட்டுவதிலிருந்து அங்கம் முடியும் வரை, இடையில் நிறுத்தாமல் கேட்க வையுங்கள், ஏறத்தாழ கால் மணி நேரம்தான் ஆகும். மிமியாகப் பாடுபவர் விக்டோரியா தெ லோஸ் ஆங்கெலெஸ். மெழுகுவத்தி அணைகிறது, சாவி தொலைகிறது, இருட்டில் தேடும் இருவரின் கைகள் தொடுகின்றன. அந்தக் குளிர்ந்த கையைப் பற்றிக்கொண்டு நாயகன் ரொடோல்ஃபோ (பியோர்லிங்) தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். இந்தச் சூழலோடு கேட்கும்போது ‘கே ஜெலிதா மனீனா’ ஒரு காட்சிப் பொருளாக நிற்காமல், கூச்சமுள்ள இளைஞன் ஒருவன் அறிமுகமில்லாத பெண்ணிடம் பேசும் பேச்சாகிவிடுகிறது. முதல் சில வரிகளை பியோர்லிங் எவ்வளவு அடக்கமாகத் தொடங்குகிறார் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பீச்சமும் அவசரப்படுத்தாமல் பாடகர்கள் இருவருக்கும் மூச்சுவிட இடம் தருகிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் 1938 நவம்பர் 24 அன்று பியோர்லிங் முதலில் பாடியதும் இதே ரொடோல்ஃபோ பாத்திரம் என்பதைச் சொன்னால், பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவரோடு வாழ்ந்த பாத்திரம் இது என்பது கேட்பவர்களுக்கு விளங்கும்.

இன்னொரு குரலோடு இணைவதற்கு இன்னும் சுருக்கமான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், டெனரைவிடத் தாழ்ந்த ஆண் குரலான பாரிட்டோனில் பாடும் ராபர்ட் மெரில்லுடன் பாடிய பிஸேயின் ‘முத்துக் குளிப்போர்’ இணைப்பாடல் இருக்கிறது. இரண்டு ஆண் குரல்கள் ஒன்றையொன்று விழுங்காமல் சேர்ந்து ஓடுவதற்கு அதற்கு மேல் ஒரு பதிவை நான் அறியேன். நிகழ்ச்சி முடிந்தபின் எல்லோரும் மீண்டும் கேட்க விரும்புவது அதுவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

பதில்: அரங்கொலி

கேள்வி கேட்டவரின் மூன்றாவது ஐயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அது நெடுங்காலமாக என்னை வருத்தி வரும் ஒன்று.

பியோர்லிங் உணர்ச்சியற்றவர் என்ற எண்ணம் இரண்டு காரணங்களால் பரவியது. ஒன்று, மேடையில் அவருடைய நடிப்பு இறுக்கமானது என்று அக்காலத்தில் பார்த்தவர்கள் பலர் கூறினார்கள். அது கண்ணுக்குரிய குறை; ஒலிப்பதிவைக் கேட்கும் நமக்கு அதனால் இழப்பில்லை. இரண்டாவது காரணம் ஆழமானது. அவருடைய காலத்து இத்தாலியப் பாணி டெனர்கள் பலர், துயரமான இடங்களில் ஒரு விம்மலைச் சேர்ப்பார்கள். உச்சக் கார்வையை வேண்டிய அளவுக்கு மேல் நீட்டுவார்கள். பியோர்லிங் அவற்றைப் பெரும்பாலும் விலக்கினார். துயரத்தை இசைவரியின் வளைவிலேயே, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளியின்றிச் செல்லும் அந்த ஓட்டத்திலேயே, சொல்ல முடியும் என்று அவர் நம்பியதாகவே எனக்குத் தோன்றுகிறது. விம்மலைத் தேடும் காதுக்கு அது குளிர்ச்சியாகப் படுகிறது. வரியைப் பின்தொடரும் காது நெகிழ்ந்துபோகிறது.

ஒலிப்பதிவுக் கூடத்துப் பதிவுகளில் இந்த ஒழுங்கு சில நேரம் மிகுந்துவிடுவதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் நேரடி ஒலிபரப்புகளைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன். மெட்ரோபாலிட்டன் ஆப்பராவிலிருந்து 1947 பிப்ரவரி 1 அன்று ஒலிபரப்பான குனோவின் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ இருக்கிறது. ஜூலியட்டாக பிரேசில் நாட்டு பிடு சயாவ் பாடுகிறார். பால்கனிக்குக் கீழே நின்று சூரியனை எழச் சொல்லும் ஆர்யாவில், கூடத்துப் பதிவுகளில் நாம் கேட்டிராத ஒரு துணிச்சல் பியோர்லிங்கிடம் வெளிப்படுகிறது. அதைவிடக் கடுமையான வேகம் வேண்டுமென்றால், 1940 டிசம்பர் 14 அன்று எத்தோரே பனிஸா நடத்திய, வெர்தியின் ‘உன் பாலோ இன் மாஸ்கெரா’ ஆப்பராவைக் கேளுங்கள். ரிக்கார்டோவாக பியோர்லிங்கும் அமேலியாவாக ஸின்கா மிலனோவும் பாடும் இரண்டாம் அங்கத்து இணைப்பாடலில், அமேலியா தன் காதலை ஒப்புக்கொள்ளும் கணத்தில் பியோர்லிங்கின் குரலில் பாயும் மகிழ்ச்சியைக் கேட்ட ஒருவர் அவரைக் குளிர்ந்த பாடகர் என்று சொல்வது இயலாத காரியம். இத்தனைக்கும் அப்போது அவருக்கு வயது 29.

அடுத்த ஆண்டு முதல் போர் காரணமாக அவர் ஸ்வீடனிலேயே தங்க நேர்ந்தது. 1945-இல்தான் மெட்ரோபாலிட்டனுக்குத் திரும்பினார். அந்த இடைவெளியில், 1944-இல், ஸ்டாக்ஹோமில் பதிவானதுதான் கிரெவில்லியுஸுடன் பாடிய, புச்சினியின் ‘துரந்தோத்’ ஆப்பராவின் ‘நெஸ்ஸுன் டோர்மா’ ஆர்யா. எல்லோருக்கும் தெரிந்த பாடல் என்பதால் அதைச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தொடக்கத்தில் வைக்காதீர்கள். கேட்பவர்கள் அந்தக் குரலோடு ஓரளவு பழகியபின் கேட்டால்தான், ஆரவாரம் எதுவுமின்றி அவர் அந்த இறுதிச் சொல்லை எட்டுவதன் அருமை புலப்படும்.

இசைநாடி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘இன்ஜெமிஸ்கோ’ மூன்றையும், ‘லா போஎம்’ பகுதியையும், 1940-இன் இணைப்பாடலையும் உறுதியாகச் சேர்த்துவிட்டேன். இவற்றில் 1938 முதல் 1960 வரையிலான பதிவுகள் கலந்து வருவதால், ஒலியின் தரம் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடுகிறது. ஒரே அரங்கில் அடுத்தடுத்துக் கேட்க வைக்கும்போது இதை எப்படிச் சமாளிப்பது? ஸ்வீடிஷ் மொழிப் பாடல்களைப் பற்றியும் யாரேனும் சொன்னால் நல்லது. அவற்றை நான் போதிய அளவு கேட்டதில்லை.

பதில்: செவிநுட்பம்

ஒலித்தரத்தைப் பற்றி அச்சம் வேண்டாம். புகழ்பெற்ற இத்தாலிய டெனர் காருசோவை ஒப்பிட்டுப் பாருங்கள்; அவர் 1921-இல் மறைந்தார். மின்சார ஒலிவாங்கி கொண்டு பதிவு செய்யும் முறை 1925-இல்தான் வணிக வழக்கத்துக்கு வந்தது. ஆகவே காருசோவின் குரல் முழுவதும், மின்சாரமின்றி ஒலியைத் திரட்டும் கூம்பின் வழியாகப் பதிவானது. பியோர்லிங்கின் சிறுவயதுத் தட்டுகள் மட்டுமே அந்த வகை. வளர்ந்தபின் அவர் பாடியவை அனைத்தும் ஒலிவாங்கியின் காலத்தவை. 1936-இன் தட்டிலேயே குரலின் இயல்பான நிறமும் மேல் ஒலிகளும் நன்றாகப் பதிந்திருக்கின்றன. பின்னணியில் இரைச்சல் இருக்கும். அரை நிமிடத்தில் காது அதை ஒதுக்கிவிடும்.

சிக்கல் எழுவது அந்த இரைச்சலை அகற்ற முயலும்போதுதான். கடுமையாக வடிகட்டப்பட்ட மறுபதிப்புகளில் இரைச்சலோடு சேர்ந்து குரலின் வெள்ளி போன்ற மினுமினுப்பும் போய்விடுகிறது. பியோர்லிங்கிடம் அந்த மினுமினுப்பை இழந்தால் பாதியை இழந்ததாகும். எனவே ஒரே பதிவின் இரண்டு மறுபதிப்புகள் கிடைத்தால், இரைச்சல் சற்றுக் கூடுதலாக உள்ளதையே முதலில் கேட்டுப் பாருங்கள். ஒற்றைத் தடத்தில் பதிவானதைச் செயற்கையாக இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்று வெளியிட்ட பழைய நெடுந்தட்டுகளையும் அவற்றிலிருந்து எடுத்த கோப்புகளையும் தவிர்த்துவிடுங்கள். பீச்சமின் ‘லா போஎம்’ மோனோவில் பதிவானதுதான்; அதை மோனோவாகவே கேட்பது நல்லது. 1959-இல் ரோமில் எரிக் லைன்ஸ்டார்ஃப் நடத்த, பிர்கிட் நீல்சன், ரெனாத்தா தெபால்தி ஆகியோருடன் பாடிய ‘துரந்தோத்’தும், ரைனரின் ‘ரெக்வியெம்’மும் உண்மையான ஸ்டீரியோ.

வேகத்தையும் சரிபார்க்க வேண்டும். பழைய தட்டைச் சற்று வேகமாகச் சுழற்றி எடுத்த கோப்புகள் இணையத்தில் உலவுகின்றன. ஆறு விழுக்காடு வேகம் கூடினாலே சுருதி ஏறத்தாழ அரைச் சுரம் உயர்ந்துவிடும். குரல் மெலிந்து, சிறுபிள்ளைத்தனமாக ஒலிக்கும். ‘இன்ஜெமிஸ்கோ’ மூன்றையும் ஒப்பிட எண்ணியிருக்கும் உங்களுக்கு இது முக்கியம், ஏனெனில் 1938-க்கும் 1960-க்கும் இடையே நீங்கள் கேட்கும் நிற வேறுபாடு பாடகருடையதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பின் சுருதியையும் முன்கூட்டியே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒலி அளவையும் பதிவுக்குப் பதிவு சமன்செய்து வைத்துவிட்டால் நிகழ்ச்சியின் நடுவே குமிழைத் திருக வேண்டியிராது.

திரை இருந்தால் ஒரே ஒரு காணொளி போதும். 1956 ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தெபால்தியுடன் பியோர்லிங் பாடிய ‘லா போஎம்’ முதல் அங்கத்துப் பகுதி கிடைக்கிறது. அவர் வாயை அதிகம் திறப்பதில்லை, தோள்கள் உயர்வதில்லை, முகத்தில் சிரமத்தின் சாயலே இல்லை. பாடக் கற்பவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் அவர்களுக்கு அது ஒரு பாடம்.

பதில்: வடகடல்

ஸ்வீடிஷ் பாடல்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இவை இல்லாமல் பியோர்லிங்கைக் கொண்டாடுவது முழுமையாகாது என்று உறுதியாகச் சொல்வேன். இத்தாலிய ஆப்பராவும் பிரெஞ்சு ஆப்பராவும் அவர் கற்றுத் தேர்ந்தவை. இந்தப் பாடல்கள் அவர் தந்தையின் வீட்டிலிருந்து வந்தவை. பாடும் மொழி தாய்மொழியாகும்போது அவர் சொற்களை உச்சரிப்பதிலேயே ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. உலகப் புகழ் பெற்றபின்னும் கோடைதோறும் ஸ்டாக்ஹோமின் குரோனா லுண்ட் பூங்காவின் திறந்தவெளி மேடையில் நின்று இவற்றைப் பாடினார்; அங்கே பதிவான நிகழ்ச்சிகளும் வெளியாகியுள்ளன.

மூன்று பாடல்களைச் சொல்கிறேன். ஹூகோ ஆல்ஃப்வேனின் ‘ஸ்கூகென் சோவெர்’ மிகச் சிறியது. ஜூன் மாத இரவில் காடு உறங்குகிறது. தன் அன்புக்குரியவள் உறங்க ஒருவன் விழித்துக் காவலிருக்கிறான். பெரிய அரங்குகளை நிறைத்த குரல் இதில் ஒரு சிற்றறையின் அளவுக்குச் சுருங்குகிறது. சுருங்கினாலும் அதன் அடர்த்தி குறைவதில்லை. அதற்கு நேர் எதிரானது குஸ்தாவ் நூர்ட்க்விஸ்ட்டின் ‘தில் ஹாவ்ஸ்’. கடலுக்குப் புறப்படும் அழைப்பு அது. முழுக் குரலும் தடையின்றி விரியும். மூன்றாவது, ஃபின்லாந்தின் சிபெலியுஸ் ஸ்வீடிஷ் கவிதைக்கு இசையமைத்த ‘சேவ், சேவ், சூசா’. ஏரிக்கரை நாணல்களிடம், ஊராரின் பொறாமையால் மூழ்கிப்போன இளம்பெண்ணைப் பற்றிக் கேட்கும் பாடல். அரங்கொலி அவர்கள் எழுதியது போல், விம்மல் ஒன்றுகூட இல்லாமல் ஒரு மரணத்தை எப்படிச் சொல்வது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று ஆப்பராவிலும் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று பாடல்களின் பொருளையும் தமிழில் சில வரிகளாக எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பாடலின் நடுவே விளக்கம் வேண்டாம்.

நிகழ்ச்சியின் இறுதிக்கு ஒரு பரிந்துரை. ‘நெஸ்ஸுன் டோர்மா’வில் முடிக்கும் ஆசை எவருக்கும் வரும். அதற்கு மாறாக, 1960 ஆகஸ்ட் 5 அன்று யோத்தேபோரி நகரில் கிரெவில்லியுஸ் நடத்திய நிகழ்ச்சியின் பதிவிலிருந்து, வாக்னரின் ‘லோஹென்கிரின்’ நாயகன் தான் யார் என்பதை வெளிப்படுத்தும் பகுதியை வைக்கலாம். அதை அவர் ஸ்வீடிஷ் மொழியில் பாடுகிறார். வாக்னரின் ஆப்பராக்களை நோக்கி அவர் அதிகம் செல்லவில்லை. சென்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை இந்தச் சில நிமிடங்கள் காட்டுகின்றன. செப்டம்பர் 9 அன்று ஸ்டாக்ஹோமை அடுத்த தீவுக்கூட்டத்தில், சியாரோவிலிருந்த தம் கோடைகால வீட்டில், அவர் உறக்கத்திலேயே காலமானார். ஐந்து வாரங்களுக்கு முன்பு பதிவான இந்தக் குரலில் தளர்ச்சிக்கான அடையாளம் எதுவும் இல்லை என்பதையும், 1930-களிலிருந்து அவருடன் பதிவு செய்து வந்த அதே கிரெவில்லியுஸ்தான் இங்கேயும் இசைக்குழுவை நடத்துகிறார் என்பதையும் பாடல் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நேரம் போதாவிட்டால் என் மூன்று பாடல்களில் ‘தில் ஹாவ்ஸ்’ஸை விட்டுவிடலாம், மற்ற இரண்டையும் விட வேண்டாம்.